பல் வரிசையும் பருவமும்

குழந்தைக்கு முதற்பல் அரும்பியதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுவது எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். தேங்காய்ச் சொட்டைப் பல்லைப்போலக் கீறிக் கொழுக்கட்டையின் விளிம்பிலே பதித்து, உற்றார் உறவினர் சூழ்ந்திருக்கக் குழந்தையின் தலைமீது சொரிந்து மகிழ்கின்றோம். ஆறேழு வயதிலே பாற்பல் விழும்போது அதனைக் கூரைமேல் எறியும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். சூத்தை பிடித்தால் கவலைப்படுகின்றோம். பல் மிதந்தால் அதைவிடக் கவலைப்படுகின்றோம். ஆனால் வாயை மூடும்போது மேற்பல் வரிசையும் கீழ்ப்பல் வரிசையும் எவ்வாறு ஒன்றோடொன்று சேருகின்றன என்பதை எம்மில் எத்தனை பேர் கவனிக்கின்றோம்? எதற்கெடுத்தாலும் பொருத்தம் பார்ப்பதில் பேர்போனவர்களாகிய நாம், பிள்ளையின் வாய்க்குள்ளே இருக்கும் பொருத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை.

அப்பொருத்தம் பிழைப்பதனால் உண்டாகும் குறைகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றோம். பல் வைத்தியர்கள் இதனைக் ‘குரொஸ்பைட்’ என்பர். நாம் தமிழிலே குறுக்குக்கடி என்று சொல்லலாம். எமது குடும்பத்திலே ஒரு சிறு பிள்ளைக்கும் நாற்பதை நெருங்கும் ஒருவருக்கும் இக்குறை இருந்தது. இருவரும் ஒரே நாளில் ஒரே வைத்தியரால் பார்க்கப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த விடைகளோ வேறு வேறாயின. அந்த வேறுபாடு எமக்குக் கற்பித்ததைப் பிற பெற்றோருடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூடியும் பெட்டியும்

பனையோலையால் இழைத்த மூடற்பெட்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் மூடி, பெட்டியிலும் சற்றே பெரிதாக இழைக்கப்பட்டிருக்கும். ஆதலால் மூடும்போது மூடியின் விளிம்பு பெட்டியின் விளிம்புக்கு வெளியே சுற்றிவரப் பொருந்தி அமரும். மனிதனுடைய வாயும் இவ்வாறே அமைந்திருக்கின்றது. மேல்தாடையின் பல்வரிசை, கீழ்த்தாடையின் பல்வரிசையிலும் சற்றே அகன்றது. வாயை மூடிப் பற்களைக் கடித்துப் பார்த்தால், முன்னாலும் இரு பக்கங்களிலும் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சிறிது வெளியே நிற்பதைக் காணலாம். எங்கேனும் ஓரிடத்தில் இந்த ஒழுங்கு மாறி, மேற்பல் உள்ளேயும் கீழ்ப்பல் வெளியேயும் கடிக்குமானால் அதுவே குறுக்குக்கடி.

இது முன்பற்களிலும் நேரலாம், பின்னுள்ள கொடுப்புப் பற்களிலும் நேரலாம். ஒரே ஒரு பல்லோடு நின்றுவிடலாம். ஒரு பக்கம் முழுவதிலும், சிலருக்கு இரு பக்கங்களிலுமே இருக்கலாம். சிலருக்குத் தாடையெலும்பு சரியாகவே இருக்கும், பல் மாத்திரம் சாய்ந்து முளைத்திருக்கும். வேறு சிலருக்கு மேல்தாடை ஒடுங்கியிருக்கும், அல்லது கீழ்த்தாடை நீண்டிருக்கும். பல்லினது குறையா, எலும்பினது குறையா என்பதைப் பொறுத்தே சிகிச்சை வேறுபடும். வெளித்தோற்றத்தைக் கொண்டு இதனைத் தீர்மானித்தல் இயலாது. வைத்தியர் வாயைச் சோதித்து, பற்களின் அச்சை எடுத்து, தேவையானால் எக்ஸ்கதிர்ப்படமும் பிடித்தே முடிவு கூறுவார்.

எம் வீட்டிற் கண்டது

எமது இளைய மகள் இரண்டாம் வகுப்பிலே படித்த காலத்தில், புழுக்கொடியலையோ முறுக்கையோ கொடுத்தால் ஒரு பக்கக் கொடுப்பிலேயே போட்டு அரைத்துக்கொண்டிருப்பாள். சோற்றுக் கோப்பையின் முன் மற்றைய பிள்ளைகள் எழுந்து போன பின்பும் அவள் இருப்பாள். அது அவளுடைய சுபாவம் என்றே வீட்டார் அனைவரும் எண்ணியிருந்தனர். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலே கடமையாற்றிய அம்மையார் ஒருவர், பிள்ளைகளை வரிசையாகப் பரிசோதித்தபோது எம்மையும் அழைப்பித்தார்.

அவர் மகளை ஒரு கண்ணாடியின் முன் அமர்த்தி, வாயை அகலத் திறக்கச் சொன்னார். மேல் முன்பற்களின் நடுவும் கீழ் முன்பற்களின் நடுவும் ஒரே நேர்கோட்டில் நின்றன. பின்னர் மெதுவாக மூடச் சொன்னார். பற்கள் ஒன்றையொன்று தொட்டதும், கீழ்த்தாடை சட்டென்று இடப்பக்கம் நகர்ந்து, அதன் பின்னரே முழுவதும் மூடிக்கொண்டது. நாடியும் கூடவே இடப்பக்கம் நகர்ந்தது. இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் தூரமே இருக்கும். நாள்தோறும் அந்த முகத்தைப் பார்க்கும் எமக்குப் புலப்படாத அசைவு, அன்று அக்கண்ணாடியிலே தெளிவாகத் தெரிந்தது.

அதன் காரணத்தையும் அவர் விளக்கினார். மகளின் மேல்தாடை இரு பக்கமும் சமமாகவே ஒடுங்கியிருந்தது. தாடை நேராக மூடினால் மேற்பல்லின் முனையும் கீழ்ப்பல்லின் முனையும் ஒன்றன்மேல் ஒன்று முட்டும். அவ்வாறு முட்டுவதை எந்த வாயும் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே கீழ்த்தாடை ஒரு பக்கம் ஒதுங்கி, வசதியாகக் கடிப்பதற்கு ஓரிடத்தைத் தேடிக்கொள்ளுகின்றது. ஒரு பக்கத்தில் மட்டும் குறுக்குக்கடி இருப்பதுபோலத் தோன்றுவது இதனாலேதான். பிள்ளை இதனை அறிந்து செய்வதில்லை. கல்லுக் குத்தும் பாதையிலே நடப்பவன் தன்னையறியாமல் ஓரமாக ஒதுங்கி நடப்பதைப் போன்றது இது.

ஏழு வயதிலே இஃது ஒரு பழக்கம் மாத்திரமே. ஆனால் வளரும் எலும்பு பழக்கத்துக்கு ஏற்ப வளரும் தன்மையது. தாடையின் இரு மூட்டுகளும் நாள்தோறும் சமமற்ற நிலையிலிருந்து, இரு பக்கத் தசைகளும் சமமற்று வேலை செய்யுமானால், காலப்போக்கில் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறுகியும் தாடை அமைந்துவிடக்கூடும். சிறு வயதிலே ஒதுங்கி மூடிய தாடை, வளர்ந்த பின் ஒதுங்கியபடியே நிலைத்துவிடும். பழக்கம் முகமாக மாறிவிடும் என்று சுருங்கச் சொல்லலாம்.

உறவினர் சொன்ன நியாயங்கள்

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னோம். “பாற்பல்லுத்தானே, விழுந்து முளைச்சால் எல்லாம் சரிவரும்” என்றார் மகளின் அப்பம்மா. “பெண்பிள்ளையின்ரை வாய்க்குள்ளை கம்பியைப் பூட்டப் போறியளோ?” என்று கேட்டார் பெரியம்மா. அயலவர் ஒருவரோ, பன்னிரண்டு வயதுக்குப் பின்னரே பல்லிலே கை வைக்கவேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். இவர்கள் எவரும் பிள்ளைமீது அன்பில்லாதவர்கள் அல்லர். இவர்கள் சொன்னவற்றில் ஓரளவு உண்மையும் இருந்தது. பல் நெருக்கம், பல் மிதப்பு முதலிய பல குறைகளுக்கு நிலையான பற்கள் முளைக்கும்வரை காத்திருப்பதே வழக்கம்.

விசேட வைத்திய நிபுணரிடம் இந்த நியாயங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையோடு கேட்டார். பாற்பற் பருவத்துக் குறுக்குக்கடி சில பிள்ளைகளுக்குத் தானாகவே மாறுவதுண்டு என்பதையும், பெரும்பாலானவர்களுக்கு அவ்வாறு மாறுவதில்லை என்பதையும் கூறினார். ஒடுங்கிய தாடையிலே முளைக்கும் புதிய பல்லும் ஒடுங்கிய இடத்திலேயே முளைக்கும் அன்றோ? அதிலும், மூடும்போது தாடை பக்கவாட்டில் நகரும் பிள்ளைகளுக்குக் காத்திருத்தல் நன்றன்று என்றார். உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2014 ஆம் ஆண்டில் வெளியான கொக்ரேன் தொகுப்பும், பாற்பல்லும் நிலையான பல்லும் கலந்திருக்கும் எட்டு, பத்து வயதளவிலே பின்பற் குறுக்குக்கடியை மேல்தாடையை அகலிக்கும் கருவிகளால் திருத்தலாம் என்பதையே காட்டுகின்றது.

அன்று எம்மை வண்டியில் ஏற்றிச் சென்றவர் எமது தம்பி. மருமகளின் வாயைக் காட்டி வைத்தியர் விளக்கிக்கொண்டிருக்கையில், “எனக்கும் இப்படித்தானே இருக்கின்றது” என்று அவர் தம் வாயைத் திறந்து காட்டினார். வைத்தியர் பார்த்தார். அதே பக்கம், அதே குறுக்குக்கடி. அவர் சொன்ன சொல் எம் காதில் இன்னும் ஒலிக்கின்றது. “மகளுக்கு ஒரு திருகாணி போதும். உங்களுக்கு அதே வேலையைச் செய்வதற்குச் சத்திரசிகிச்சை தேவைப்படும்.”

காரணங்கள்

இக்குறை ஏன் உண்டாகின்றது? பரம்பரை ஒரு காரணம். ஐரோப்பாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் அரச வம்சத்தினர் இதற்குப் பெயர்போனவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய கீழ்த்தாடை முன்னே நீண்டிருந்ததை ஓவியங்களிலே காணலாம். பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸ் (1500–1558) உணவை நன்றாக மெல்ல முடியாமல் இடர்ப்பட்டான். ஸ்பெயின் நாட்டு இரண்டாம் சார்ள்ஸ் (1661–1700) நிலை அதனினும் மோசமானது. நெருங்கிய உறவிலேயே மணம் செய்துவந்ததற்கும் அத்தாடை நீட்சிக்கும் தொடர்புண்டு என 2019 ஆம் ஆண்டில் ஸ்பானிய ஆராய்ச்சியாளர் ஓவியங்களைக் கொண்டு ஆராய்ந்து எழுதினர். மண்ணையும் பொன்னையும் தேடிக் குவித்த மன்னர்களால் ஒரு வாய்ச் சோற்றைச் சரிவர மெல்ல இயலவில்லை.

இனி, பழக்கத்தால் வருவதும் உண்டு. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டபடி இருப்பதும், கன்னத் தசைகள் வெளியிலிருந்து அழுத்துவதும் ஒன்றையொன்று சமன்செய்ய, இவ்விரண்டுக்கும் இடையிலேயே பல்வரிசை உருவாகின்றது. பிள்ளை ஓயாமல் விரல் சூப்பும்போதும், சூப்பியை வாயில் வைத்திருக்கும்போதும் நாக்குக் கீழே தள்ளப்படுகின்றது. கன்னங்களின் அழுத்தம் மட்டும் எஞ்சுகின்றது. அதனால் மேல்தாடை உள்நோக்கி ஒடுங்குகின்றது. தாய்ப்பாலை நெடுங்காலம் குடித்த பிள்ளைகளுக்குப் பின்பற் குறுக்குக்கடி குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. தாய்ப்பாலின் சிறப்புகளோடு இதனையும் சேர்த்து எண்ணலாம்.

மூக்கடைப்பினாலோ, மூக்கின் பின்புறத்திலுள்ள அடினொயிட் வீங்குவதாலோ பிள்ளை வாயால் மூச்சுவிடப் பழகினாலும் நாக்குத் தாழ்ந்தே கிடக்கும். இரவிலே வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளையைப் பல் வைத்தியரிடம் மாத்திரமன்றிக் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடமும் காட்டுதல் நன்று. பாற்பல் உரிய காலத்தில் விழாது நின்று, அதன் பின்னால் நிலையான பல் முளைப்பது இன்னொரு காரணம். மேலுதடும் அண்ணமும் பிளவுபட்டுப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் இக்குறை அடிக்கடி ஏற்படுகின்றது.

விரல் சூப்பும் பழக்கம் மூன்று நான்கு வயதளவிலே பெரும்பாலும் தானாக நின்றுவிடும். அதன் பின்பும் தொடர்ந்தால் வைத்தியரின் ஆலோசனையைப் பெறவேண்டும். விரலிலே வேப்பெண்ணெய் பூசுவதும், அடிப்பதும், பிறர் முன்னிலையிற் பரிகசிப்பதும் பிள்ளையின் மனத்தை நோகச் செய்யுமேயன்றிப் பெரும் பயன் தருவதில்லை. சூப்பாத நாளைப் பாராட்டுவதே கைகண்ட வழி.

ஒரு திருகாணியின் கதை

நாவின் நுனியால் மேலண்ணத்தின் நடுவே தடவிப் பாருங்கள். முன்பின்னாக ஒரு கோடு தட்டுப்படும். மேல்தாடை இரண்டு எலும்புகளாலானது. அவ்விரண்டும் அந்தக் கோட்டின் கீழே பொருந்தியிருக்கின்றன. சிறுவயதிலே இந்தப் பொருத்து நெகிழ்வாக இருக்கும். பருவ வயதிலே இரு கைவிரல்களைக் கோத்தாற்போல எலும்புகள் பின்னிக்கொள்ளும். பின்னர் படிப்படியாக இறுகி ஒட்டிக்கொள்ளும். எந்த வயதில் ஒட்டும் என்பது ஆளுக்காள் வேறுபடும். குறுக்குக்கடிச் சிகிச்சையின் இரகசியம் முழுவதும் இப்பொருத்திலேயே அடங்கியிருக்கின்றது.

1860 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்த எமர்சன் ஏஞ்சல் என்னும் பல் வைத்தியர், பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியின் மேல்தாடையில் ஒரு திருகாணிக் கருவியைப் பொருத்தி, நாள்தோறும் அதனைத் திருகச் செய்தார். இரண்டு வாரங்களிலே அவளுடைய மேல் முன்பற்களுக்கிடையில் இடைவெளி தோன்றியது. அண்ண எலும்பு நடுவே விலகியதென்பதற்கு அதுவே அடையாளம் என்று அவர் எழுதினார். உடன்தொழிலாளர் பலர் நம்பவில்லை. எலும்பைக் காட்டும் எக்ஸ்கதிரோ 1895 ஆம் ஆண்டிலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த அம்முறையை 1961 ஆம் ஆண்டில் அன்ட்ரூ ஹாஸ் என்பார் ஆராய்ச்சிச் சான்றுகளோடு மீண்டும் நிலைநாட்டினார். இன்று அது உலகெங்கும் கையாளப்படுகின்றது.

எம் மகளுக்குக் கிடைத்தது அதிலும் எளிய ஒன்று. அண்ணத்தோடு பொருந்தும் ஒரு மெல்லிய தகடு. நடுவே இரண்டாகப் பிளந்து, பிளவின் இடையே ஒரு சிறு திருகாணி வைத்திருந்தார்கள். வாரத்திற்கு இரு முறை, சிறு திறப்பொன்றால் கால் சுற்றுத் திருகவேண்டும். ஒரு கால் சுற்றுக்குத் தகடு ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் விரியும். ஒரு மாதத்திலே இரண்டு மில்லிமீற்றர்! எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை எம் கண்ணெதிரே கண்டோம். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இரவுச் சாப்பாட்டின் பின் திறப்பு வெளியே வரும். திறப்பு நழுவி விழாதிருக்க நூலொன்றால் அதனைக் கட்டி வைத்திருந்தோம். திருகிய நாளைப் பிள்ளையே நாட்காட்டியிற் குறித்துக்கொள்வாள்.

முதல் வாரம் இலகுவாக இருக்கவில்லை. எச்சில் ஊறியது. ‘ச’கரமும் ‘த’கரமும் குழறின. பாடசாலையில் மனனப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டிக்குப் போகலாமா என்று அவள் கண்கலங்கிக் கேட்டாள். கழற்றினால் விரிந்த தாடை திரும்ப ஒடுங்கும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். தகட்டோடு பேசிப் பழகுவதற்காக நாள்தோறும் உரத்து வாசிக்கச் செய்தோம். பத்து நாளில் நாக்குப் பழகிவிட்டது. போட்டியில் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்துவிட்டு வந்தாள்.

நான்கு மாதங்களிலே குறுக்குக்கடி மாறியது. சற்று மிகையாகவே விரிக்கச் செய்து, அந்நிலையிலே தகட்டைப் பின்னும் சில மாதங்கள் அணிவித்தார்கள். விரித்த தாடை சிறிது திரும்ப ஒடுங்கும் இயல்புடையதாகலின் இவ்வாறு செய்கிறார்கள். வாயை மூடும்போது நாடி இப்போது நகர்வதில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நிலையான பற்கள் முழுவதும் வந்தபின் கம்பி பூட்ட நேரிடலாம் என்றும், இல்லாமலும் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதனை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே தகடு பொருந்தும் என்று எண்ணலாகாது. கழற்ற முடியாதபடி கொடுப்புப் பற்களில் ஒட்டிவிடும் வில்லுக்கம்பிக் கருவி, கழற்றித் தொலைக்கும் பிள்ளைகளுக்கு ஏற்றது. சிலருக்கு நாளுக்கு ஓரிரு முறை திருகி இரண்டு மூன்று வாரங்களிலேயே விரிக்கும் முறை வேண்டியதாகும். அப்போது முன்பற்களின் நடுவே தோன்றும் இடைவெளியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சில மாதங்களிலே அது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு முட்டிக்கொள்ளும் பாற்பல்லின் முனையைச் சிறிது தேய்த்துவிடுவதே சில வேளைகளிற் போதுமானதாகின்றது.

முன்பல் ஒன்று மாத்திரம் உள்ளே கடிக்குமானால், விழாது நிற்கும் பாற்பல்லைக் கழற்றுவதாலும் சிறு வில்லுக்கருவி ஒன்றாலும் சில மாதங்களிலே சரிசெய்யலாம். விட்டுவிட்டால் அதற்கு எதிரேயுள்ள கீழ்ப்பல்லின் முரசு தாழ்ந்து வேர் வெளிப்படக்கூடும், பல்லின் மிளிரியும் தேயும். மேல்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்கு, முகத்தின் மேல் அணியும் கவசத்தால் தாடையை முன்னிழுக்கும் சிகிச்சை உண்டு. பத்து வயதுக்கு முன்னரே அது நன்கு பலிக்கும்.

காலம் கடந்தவர்க்கு

இனித் தம்பியின் விடயத்துக்கு வருவோம். 1999 ஆம் ஆண்டிலே அவருக்குப் பதினொரு வயது. பற்கள் கோணுவதைக் கண்ட ஒரு வைத்தியர், கொழும்புக்கு அழைத்துச் சென்று காட்டும்படி அப்போதே சொன்னார். அந்நாளில் ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதாயின் பாதுகாப்பு அனுமதி பெற்றுக் கப்பலையோ விமானத்தையோ காத்திருக்கவேண்டும். உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்த வீட்டிலே பல்லின் கோணலை யார் நினைப்பார்? 2002 ஆம் ஆண்டில் வீதி திறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. அப்போது பரீட்சையும் குடும்பச் சுமையும் முன்னே நின்றன. போர் முடிய எலும்பு காத்திருக்கவில்லை. அண்ணத்தின் பொருத்து அதன் போக்கிலே இறுகிவிட்டது. அவருடைய திருமணத்தன்று படம் பிடித்தவர் முகத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பும்படி திரும்பத் திரும்பச் சொன்னது எமக்கு நினைவிருக்கிறது. ஏன் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

வளர்ந்தவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. பல் மாத்திரம் சாய்ந்திருந்தால், கம்பியும் ரப்பர் வளையமும் கொண்டு எந்த வயதிலும் திருத்தலாம். எலும்பே ஒடுங்கியிருந்தால், சத்திரசிகிச்சையால் மேல்தாடை எலும்பைத் தளர்த்தி, அதன் பின் திருகாணியால் விரிக்கிறார்கள். அண்ண எலும்பிலேயே நுண்ணிய ஆணிகளைப் பதித்து, அவற்றின் பலத்தால் விரிக்கும் முறையைத் தென்கொரிய வைத்தியர்கள் 2010 ஆம் ஆண்டில் விவரித்தனர். இளவயதினர் பலர் இதனாற் சத்திரசிகிச்சையைத் தவிர்க்கின்றனர். தாடையின் நீளமே பிழையானால், வளர்ச்சி முடிந்தபின் தாடைச் சத்திரசிகிச்சை செய்யப்படும். எதைச் செய்வதாயினும் முரசு நோயை முதலில் மாற்றவேண்டும். நோயுற்ற முரசிலே பல்லை நகர்த்துவது ஈரச் சுவரிலே ஆணி அடிப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு விடையும் உண்டு. சும்மா விட்டுவிடுதல்! நோவின்றி, பல் தேயாமல், மெல்லுவதிற் குறையில்லாமல் வாழும் பெரியவருக்குக் குறுக்குக்கடி இருப்பதனாலேயே சிகிச்சை கட்டாயம் என்றில்லை. தாடை மூட்டு நோவுக்கெல்லாம் இதுவே காரணம் என்று சொல்வதற்கும் போதிய சான்றில்லை. தம்பி நன்கு ஆராய்ந்து, பின்பற்களை அப்படியே விட்டுவிட்டு, முரசு தாழத் தொடங்கியிருந்த முன்பல் ஒன்றை மாத்திரம் சீர்செய்துகொண்டார். வைத்தியரும் அதனை ஏற்றுக்கொண்டார். முகத்தின் சிறு கோணலோடு சமாதானமாகிவிட்டதாக அவர் சிரித்துக்கொண்டே கூறுகின்றார். ஆனால் மருமகளின் தகட்டைத் திருகும் இரவுகளிலே, நாம் மறந்தாலும் அவர் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டத் தவறியதேயில்லை.

பெற்றோர் பார்க்கவேண்டியவை

பிள்ளையைக் கொடுப்புப் பற்களைக் கடித்தபடி சிரிக்கச் சொல்லுங்கள். விரலால் கன்னத்தை மெல்ல விலக்கி, மேற்பற்கள் சுற்றிவர வெளியே நிற்கின்றனவா என்று பாருங்கள். வாயை அகலத் திறந்து மெதுவாக மூடச் செய்து, நாடி ஒரு பக்கம் நகர்கின்றதா என்று நோக்குங்கள். பாற்பல்லின் பின்னால் இன்னொரு பல் எட்டிப் பார்க்கின்றதா என்பதையும் கவனியுங்கள். இவற்றுள் ஒன்று கண்ணிற்பட்டாலும் பல் வைத்தியரை நாடுங்கள். ஒன்றும் தென்படாவிட்டாலும், ஏழு வயதளவில் ஒருமுறை பல்வரிசையைச் சோதிப்பித்தல் நன்று என்பது அமெரிக்கப் பற்சீராக்கல் வைத்தியர் சங்கத்தின் அறிவுரை. எமது நாட்டிலே பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து அரசாங்க வைத்தியசாலைகளுக்கும், பேராதனைப் பற்போதனா வைத்தியசாலைக்கும், கொழும்பிலுள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கும் பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள்.

வீட்டிலே தாமாக ரப்பர் வளையங்களைப் பல்லிலே மாட்டித் திருத்த முயல்வோர் இக்காலத்தில் இருக்கிறார்கள். அவ்வளையம் முரசினுள் வழுக்கிச் சென்று, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்து, நல்ல பல்லையே விழச் செய்துவிடும். நாக்கை அண்ணத்திலே அழுத்திப் பழகினால் வளர்ந்தவரின் தாடை அகலும் என்று பரப்பப்படும் கதைக்கும் தக்க சான்றில்லை.

பயிருக்கு ஒரு பருவம் உண்டு என்பதை எமது கமக்காரர் அறிவர். காலபோகத்திலே விதைக்கத் தவறியவன் பின்னர் எவ்வளவு நீர் இறைத்தாலும் அந்த விளைச்சலைக் காண்பது அரிது. பிள்ளையின் தாடைக்கும் ஒரு பருவம் உண்டு. அப்பருவத்திலே வாரத்திற்கு இரு முறை திருகும் கால் சுற்றுப் போதும். அது கடந்தபின் வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை நெடியவை, செலவு மிக்கவை. எம் தம்பியின் பருவத்தைப் போர் கொண்டுபோயிற்று. அத்தகைய தடையொன்றும் இல்லாத இந்நாளிலே, “விழுந்து முளைச்சால் சரிவரும்” என்ற ஒரு சொல்லுக்காக எந்தப் பிள்ளையின் பருவமும் வீணே கழிந்துவிடலாகாது.